காற்று தட்டிய தண்ணுமை

(மாரண்டஹள்ளியில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



தக்காளிக் கூடைகளை வண்டியில் ஏற்றிவிட்டு நேரே இங்கே வந்தவர்களும் இருக்கிறார்கள் என்று தலைமை தாங்கும் ஐயா சொன்னார். விடிவதற்குள் மறுபடி எழுந்திருக்க வேண்டியவர்கள். ஆகவே முன்னுரையை நீட்டாமல் பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

இசையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ராகத்தைப் பற்றிப் பேசுவார்கள். இல்லாவிட்டால் பாட்டின் வரிகளைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் ராகம் இன்னதென்று பிடிபடுவதற்கு முன்பே, வரி இன்னதென்று காதில் விழுவதற்கு முன்பே, இரண்டு சங்கதிகள் நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒன்று நாதம். மற்றொன்று தாளம். இன்று அந்த இரண்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நாதம் என்று எதைச் சொல்கிறேன்? ஒரே சுரத்தை, ஒரே சத்த அளவில், நாதஸ்வரத்தில் ஒருவர் வாசிக்கிறார், வயலினில் ஒருவர் வாசிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது நாதஸ்வரம், இது வயலின் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா? அப்படிச் சொல்ல வைக்கிற அந்தத் தனிக்குணம்தான் நாதம். பள்ளிக்கூடத்து இயற்பியல் புத்தகம் இதை ஒலியின் தரம் என்று சொல்லும். வித்வான்கள் வாத்தியத்தைக் கையில் எடுத்ததும் 'நாதம் பேசுது' என்பார்கள். நாம் அவர்கள் பக்கமே நிற்போம்.

இதற்கு உதாரணம் தேடித் தஞ்சாவூருக்குப் போக வேண்டியதில்லை. நம் தகடூருக்குப் போனால் போதும்.

புறநானூற்றில் 89-ஆம் பாட்டு. பாடியவர் ஒளவையார். பாடப்பட்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி, அன்று தகடூர் என்ற இந்தத் தருமபுரிச் சீமையை ஆண்டவன். படை வைத்திருக்கிற ஒரு வேற்று மன்னன் கேட்கிறான்: உங்கள் நாட்டில் போர் செய்யத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா? அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். ஓங்கிய கோலுக்கு அஞ்சாத பாம்பைப் போன்ற இளம் வீரர்கள் எங்களிடம் உண்டு. அது மட்டுமல்ல, எங்கள் தலைவன் ஒருவன் இருக்கிறான். ஊர்ப் பொதுவிடத்தில் தண்ணுமை கட்டித் தொங்குகிறது. இறுக விசித்துக் கட்டிய தோல். அதன் மேல் காற்று வந்து மோதுகிறது. அந்த ஓசை காதில் விழுந்த மாத்திரத்தில் 'இது போர்' என்று எழுந்து நிற்பான் எங்கள் தலைவன்!

அதியமான் கேட்டது என்ன? அங்கே அடிக்கிறவன் இல்லை. கோல் இல்லை. அடி இல்லை, நடை இல்லை, தாளம் இல்லவே இல்லை. இருந்தது தோலும் காற்றும் மட்டும். ஆனாலும் அந்தத் தோல் முனகிய விதத்திலேயே அவன் காது அதைத் தண்ணுமை என்று கண்டுகொண்டது. தண்ணுமை என்றால் போர். கை வேலைத் தேடிப் போய்விட்டது. யோசிப்பதற்கு இடமே இல்லை. நாதத்தின் வேகம் அப்படிப்பட்டது.

எவ்வளவு வேகம் என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-ல் கனடாவில் ஒரு சோதனை. அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்த 5 பிரபலப் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டுக் காட்டினார்கள். அதற்குள் மெட்டு எங்கே இருக்கும்? சொல் எங்கே இருக்கும்? ஆனாலும் குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் கிடைத்திருப்பதைவிடத் தெளிவாக அதிகமான பேர் பாட்டைச் சரியாகச் சொன்னார்கள். டீக்கடை ரேடியோ 'டிங்' என்றதுமே அடுப்படியில் இருந்து அம்மா பாட்டின் பேரைச் சொல்கிறார்களே, அது மந்திரமில்லை. கனடாக்காரர்கள் அளந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சரி, அதியமானிடம் திரும்புவோம். அவன் கேட்டது சரியா? இல்லை! போர் ஒன்றும் வரவில்லை. காற்றுதான் வந்தது. ஏன் தவறினான்? தாளம் வரும்வரை அவன் காத்திருக்கவில்லை. இரண்டு அடி, மூன்று அடி கேட்டிருந்தால் இது மனிதன் அடிப்பதல்ல, காற்று என்று தெரிந்திருக்கும். காற்றுக்கு நடை கிடையாது. அந்தத் தவறையே ஒளவை பெருமையாக மாற்றி, எதிரி மன்னனுக்கு எச்சரிக்கையாகவும் அனுப்பிவிட்டார் பாருங்கள், அந்த அம்மையாரின் சாமர்த்தியத்துக்கு இந்த மாவட்டமே கடன்பட்டிருக்கிறது.

ஆக, யார் பேசுகிறார்கள் என்று நாதம் சொல்லிவிடுகிறது. என்ன காரியமாகப் பேசுகிறார்கள் என்பது தெரியத் தாளம் வரவேண்டியிருக்கிறது.

இதே புறநானூற்றில் 194-ஆம் பாட்டு. பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாவுக்கான நெய்தல் பறை ஒலிக்கிறது. இன்னொரு வீட்டில் மணமுழவு குளிர்ச்சியாக ஒலிக்கிறது. இரண்டும் ஒரே ஊர், ஒரே நேரம். அங்கே இரண்டு வாத்தியம், இரண்டு நாதம். தெருவில் போகிறவன் எந்த வீட்டில் அழ வேண்டும், எந்த வீட்டில் சாப்பிட வேண்டும் என்று காதாலேயே தெரிந்துகொள்வான்.

இன்றைக்கு நம் ஊர்ப் பக்கம் எப்படி? ஒரே பறைதான். சாவுக்கும் அதே பறை, சாமிக்கும் அதே பறை, எருது விடும்போதும் அதே பறை. வாத்தியம் மாறவில்லை, அடிக்கிற ஆளும் மாறவில்லை. அடி மாறுகிறது. சாவு அடி வேறு, சாமி அடி வேறு. பஞ்சப்பள்ளி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக நாலு அடி காதில் விழுந்தால் போதும், கையெடுத்துக் கும்பிடுவதா, தலையைக் குனிந்துகொள்வதா என்று உங்கள் உடம்புக்கே தெரியும். அங்கே நாதம் செய்த வேலையை இங்கே தாளம் எடுத்துக்கொண்டது.

இதுவரை இரண்டையும் தனித்தனியாகச் சொன்னேன். இப்போது அவற்றைப் பிரிக்க முடியுமா என்று பார்ப்போம். என்னோடு சேர்ந்து செய்ய வேண்டும். வெட்கப்படாதீர்கள், பக்கத்தில் இருப்பவரும் செய்யத்தான் போகிறார்.

உள்ளங்கையால் தொடையில் அடித்தால் அது 'தொம்'. விரல் நுனியால் நாற்காலிக் கையைத் தட்டினால் அது 'த'. எட்டுத் தட்டு, எல்லாம் சம இடைவெளி. முதலில் இப்படி: தொம் த த த, தொம் த த த. நன்றாக இருக்கிறது, நடந்து போகிற நடை. இப்போது வேகத்தை மாற்றாமல், எட்டு என்ற கணக்கையும் மாற்றாமல், இப்படி: தொம் த த, தொம் த த, தொம் த. மறுபடியும். தொம் த த, தொம் த த, தொம் த.

என்ன ஆயிற்று? முன்வரிசையில் ஒரு குழந்தை ஆடவே ஆரம்பித்துவிட்டது! காலத்தில் நாம் எதையும் மாற்றவில்லை. தட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி அப்போதும் அதேதான், இப்போதும் அதேதான். மாறியது தொம் விழுந்த இடம் ஒன்றுதான். அதாவது நாதத்தை இடம் மாற்றினோம், நடையே மாறிவிட்டது. நாலும் நாலுமாக இருந்தது மூன்று, மூன்று, இரண்டாக ஆகிவிட்டது. நம்மவர்கள் தாளத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லிக்கொடுக்காமல் தகதிமி என்றும் தகிட என்றும் சொற்கட்டாகச் சொல்லிக்கொடுத்தது ஏன் என்று இப்போது தெரிகிறதா? தொம் என்றால் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியைத் திறந்து அடிக்கிற ஓசை. நம் என்றால் வலது பக்கமான வலந்தலையின் விளிம்பில் மீட்டுகிற ஓசை. ஒவ்வொரு சொல்லும் ஒரு நாதம். கொன்னக்கோல் சொல்கிறவர் வாயாலேயே வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாதம் மாறாமல் எல்லாத் தட்டும் அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருந்தால்? 1894-ல் அமெரிக்காவில் தாடியஸ் போல்ட்டன் என்பவர் இதைச் சோதித்து எழுதினார். துளியும் வித்தியாசமில்லாத தட்டுகளைத் தொடர்ந்து கேட்கிறவர்கள், அவற்றை இரண்டிரண்டாகவோ நாலு நாலாகவோ சேர்த்துக் கேட்கிறார்கள். முதல் தட்டு பலமாக இருப்பதாகவும் சத்தியம் செய்கிறார்கள். இல்லாத பலம்! காதுக்குத் தாளம் வேண்டும். கிடைக்காவிட்டால் அதுவே செய்துகொள்கிறது.

மாரண்டஹள்ளி ஸ்டேஷனில் ரயில் ஏறிப் பழகிய பெரியவர்களுக்கு இது தெரியும். முன்பெல்லாம் தண்டவாளம் 12, 13 மீட்டர் துண்டு துண்டாக இருக்கும். மூட்டுக்கு மூட்டு 'தடக் தடக்' என்னும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 13 மீட்டரை முக்கால் நொடிக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் தாண்டும். மனிதன் நிதானமாக நடக்கிற வேகத்துக்கு அது பக்கம். அதற்கு மேல் பாட்டுக் கட்டாத பிள்ளைகள் உண்டா? இப்போது தண்டவாளத்தை நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள். பயணம் சுகம். தாளம் போயிற்று.

தோல் வாத்தியத்தின் நாதம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் மெனக்கெட்டுப் பார்த்தார். அவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர், சர் சி.வி. ராமன். ஒளிச் சிதறலுக்கு 1930-ல் நோபல் பரிசு வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1920-ல், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நம்முடைய தோல் வாத்தியங்களைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-ல் இன்னும் விரிவாக எழுதினார்.

அவர் கண்டது என்ன? கம்பியை மீட்டினால் அடிப்படை ஓசையோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து ஒலிக்கும். கணக்கு ஒழுங்கு. அதனால் காதுக்குச் சுரமாகக் கேட்கிறது. வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அந்த ஒழுங்கு வராது. 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று தாறுமாறாக வரும். அதனால் அடி கேட்கும், சுரம் கேட்காது. உலகத்தில் பெரும்பாலான பறைகள் இப்படித்தான். மிருதங்கத்தின் வலந்தலை இதற்கு விலக்காக நிற்கிறது. நடுவில் கறுப்பாக வைத்திருக்கிறார்களே, அந்தக் கரணையின் பாரத்தால் முதல் ஒன்பது விதமான அதிர்வுகளும் ஐந்து சுரங்களாக வரிசைக்கு வந்து நிற்கின்றன. தோலின் மேல் பொடிமணலைத் தூவி, அடிக்கும்போது மணல் எந்தெந்தக் கோட்டில் போய் ஒதுங்குகிறது என்று படம் பிடித்துக் காட்டினார் ராமன்.

அந்தக் கரணையை வைத்தவர்கள் யார்? அதையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கிட்டான் கல்லைப் பொடித்துச் சலித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, தோலின் நடுவில் ஒரு சிட்டிகை வைத்துப் பரப்பி, வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் அடுத்த சிட்டிகை. மறுபடி தேய்ப்பு. நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் வரவேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக நூல் வெடிப்புகள் விழ வேண்டும். வெடிக்காவிட்டால் தோல் வளையாது, நாதம் அடைத்துக்கொள்ளும். தோல்களுக்கு இடையே சின்னஞ்சிறு ஈர்க்குத் துண்டுகளைச் செருகிச் சுநாதம் பார்க்க வேண்டும். இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் மேடையில் உட்கார்ந்தவர்கள் அல்லர். மாடு, ஆடு, எருமை என மூன்று தோலையும் கையால் தொட்டவர்கள். அதனாலேயே தள்ளி நிறுத்தப்பட்டவர்கள். டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே இவர்களைப் பற்றி எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தை நாம் கேட்கும்போது, அவருக்கு வாத்தியம் செய்துகொடுத்த பர்லாந்துவின் கையையும் சேர்த்தே கேட்கிறோம். கச்சேரி விமர்சனங்களில் அந்தப் பேரைப் பார்த்திருக்கிறீர்களா?

சரி. ஓசை பிறக்கும் இடத்தைப் பார்த்தோம். அது வந்து சேரும் இடம்?

2009-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் ஒரு விந்தையைச் சொன்னார்கள். பிறந்து இரண்டு மூன்று நாள் ஆன குழந்தைகள். தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு தாளக்கட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, நடுவில் ஒரு தடவை முதல் அடியை மட்டும் விட்டுவிட்டார்கள். தூங்குகிற குழந்தையின் மூளை அந்த விடுபட்ட இடத்தில் துணுக்குற்றதைக் கருவி பதிவு செய்தது. வராத அடியைக் குழந்தை கேட்டிருக்கிறது! எதிர்பார்த்தால்தானே ஏமாற்றம்?

இதே எதிர்பார்ப்பை வைத்துத்தான் தனி ஆவர்த்தனத்தில் விளையாடுகிறார்கள். மிருதங்க வித்வான் தீர்மானத்தை, அதாவது முடிவுக் கட்டை, ஒரு முறை வாசிப்பார். அதையே இரண்டாம் முறை வாசிப்பார். மூன்றாம் முறை எடுக்கும்போது சபையில் கணக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருடைய தலையும் தாளம் தொடங்கும் சமத்தில் போய் விழுவதற்குத் தயாராகிவிடும். விழுந்ததும் ஒரு 'ஆஹா'. அந்த ஆஹாவில் பாதி வித்வானுக்கு, பாதி நமக்கு நாமே சொல்லிக்கொள்வது.

தாளம் காதுக்கு வந்து சேர்வதைப் பார்த்தோம், இனி நாதம். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறது. ராத்திரி கூத்து. மைக் வராத காலத்தில் மைதானத்தின் கடைசியில் படுத்திருந்தவனுக்கும் முகவீணை எப்படிக் கேட்டது? சின்னக் குழல்தான், கைக்குள் அடங்கும். விஷயம் காதில் இருக்கிறது. நம் காதுத் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அந்த நீளத்துக்கு, நொடிக்கு 3,000 அதிர்வை ஒட்டிய ஓசைகள் தானாகவே பெருகிக் கேட்கும். முகவீணையிலும் நாதஸ்வரத்திலும் சீவாளி எழுப்புகிற கூர்மையான மேல் ஒலிகள் அந்த இடத்தில்தான் நிறைய. ஆகவே அவை மற்ற ஓசையெல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வருகின்றன. பம்பை வேறு வழியில் வருகிறது. மேலொன்று கீழொன்றாகக் கட்டிய இரண்டு உருளை, ஒன்று மரம், ஒன்று பித்தளை. ஒன்று கண்டிக்கிறது, ஒன்று உறுமுகிறது. அந்த உறுமல் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் வந்து நிற்கும். அம்மன் கோயிலில் அருள் வருகிறவர்கள் முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நம்பிக்கை உள்ளவர்கள் அம்மன் என்பார்கள், நான் மறுக்கவில்லை. பம்பைக்காரரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

நாதம் மாறினால் கேட்கிற விதமே மாறும். நாதஸ்வரத்தில் திமிரி என்று ஒன்று, குட்டையானது, சுருதி ஏற்றம். வீதியில் சாமி புறப்பாட்டுக்கு அதுவே பொருத்தம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைக் கைக்கொண்டார். அதற்குப் பிறகு அவருடைய தோடியை ஜனங்கள் உட்கார்ந்து, கண்ணை மூடி, மணிக்கணக்கில் கேட்டார்கள். வாத்தியம் நீண்டது, கேட்கிறவன் உட்கார்ந்தான். 1992-ல் 'ரோஜா' படப் பாட்டுகள் வந்தபோதும் இப்படித்தான். அதுவரை கேட்காத ஓர் அடிநாதம் டீக்கடைப் பெட்டியில் இருந்து வந்தது. மெட்டைப் பேசுவதற்கு முன்னால் 'இது என்ன சத்தம்?' என்றுதான் பையன்கள் கேட்டார்கள்.

இப்போது சொல்லப்போவதில் சிலருக்குக் கோபம் வரலாம். திருவிழாவில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, கீபோர்டோடு ஒரு ரிதம் பேடை வைத்துவிட்டு, பம்பைக்காரரை ஓரத்தில் நிற்க வைக்கிறோம். பேடில் பம்பையின் ஓசையும் இருக்கிறது, பறையின் ஓசையும் இருக்கிறது. பிறகு என்ன குறை என்று கேட்கிறீர்களா? எந்த அடியும் முந்தின அடியிலிருந்து மாறுவதில்லை. அதுதான் குறை. மனிதன் அடிக்கும்போது ஓர் அடி தோலின் நடுவில் விழும், அடுத்தது ஒரு விரற்கடை தள்ளி விழும். கை களைக்கும், தோல் இளகும், நாதம் இறங்கும், மறுபடி ஏற்றுவார். அந்த ஏற்ற இறக்கத்தோடுதான் நடைக்கு உயிர் வருகிறது. பாலக்காடு மணி ஐயர் மைக்கையே வேண்டாம் என்று ஒதுக்கியவர். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். இந்தக் கூட்டத்திலேயே மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். சத்தம் கூடக் கூட நாதம் கூடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காது தானாகக் கேட்பதில்லை. ஊர் பழக்கிய மாதிரிதான் கேட்கிறது. பறையைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். தோலும் புளியங்கொட்டைப் பசையும் மரச்சட்டமும் செய்த குற்றம் என்ன? அதை அடித்தவர்களின் மேல் சுமத்திய தீட்டைக் கொண்டுபோய் நாதத்தின் மேல் ஏற்றினார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்த கலைஞர்கள் அந்தச் சுமையைத்தான் இறக்கி வைத்தார்கள். 2007-ல் சென்னை சங்கமம் விழா தொடங்கியபோது பறை பூங்காக்களுக்குள் போயிற்று. 2025-ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பறை மாறிவிட்டதா? அதே தோல், அதே அடி. மாறியது காது. இன்னும் முழுக்க மாறவில்லை என்பதை இந்தக் கூட்டத்தில் நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

நான் பேசியது போதும். வாசலில் புகை வருகிறதே என்று சிலர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள். பயப்பட வேண்டாம். பறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊர்ப் பனிக்குத் தோல் ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும். அனல் காட்டினால்தான் விறைக்கும். உள்ளே வந்ததும் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். முதலில் இடது கையில் இருக்கிற மெல்லிய சிம்புக்குச்சியால் மட்டும் அடிப்பார்கள். பிறகு வலது கை அடிக்குச்சியால் மட்டும். அதன் பிறகு இரண்டும் சேர்ந்து. மூன்று முறையும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு திறந்துகொள்ளலாம், ஏனென்றால் நாலாவது முறை ஆடிக்கொண்டே அடிப்பார்கள். தம்பிகள் கொஞ்சம் நாற்காலிகளை ஒதுக்கி நடுவில் இடம் விட்டால் நல்லது.